அமெரிக்காவில் நாய்க்குப் பயிற்சி: குட்டி வகுப்பிலிருந்து போட்டிக் களம் வரை

புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “ட்ரெய்னிங்குக்கு எங்கே சேர்க்கணும், எவ்வளவு ஆகும், எது வரைக்கும் போகலாம்?” போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் இருப்பது நியூஜெர்சி. உரிமம், விலை போன்றவை இந்தப் பக்கத்துக் கணக்கு. தேர்வுகள் அமெரிக்கன் கென்னல் கிளப்புடையவை, சுருக்கமாக ஏ.கே.சி.; நாய்களைப் பதிவு செய்து தேர்வும் போட்டியும் வைக்கும் அமைப்பு. அவை நாடு முழுக்க ஒன்றேதான்.

நாங்கள் திண்டாடியது நாயிடம் இல்லை, தாள்களிடம். எந்தத் தாள் எப்போது வேண்டும், எந்தப் படிக்கு அடுத்து எந்தப் படி, எங்கே பணம் வீணாகும் என்பதை யாரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. அதனால் இங்கே அதைத்தான் நீட்டி எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு விஷயம். மேலே போகப் போக நாய் புதுப்புது வித்தைகள் கற்க வேண்டியிருக்கும் என்று நினைப்போம். கொஞ்சம் அப்படித்தான். ஆனால் பெரும்பகுதி உட்கார், படு, அசையாமல் இரு, வா, கூடவே நட என்ற ஐந்தைச் சுற்றியே வருகிறது. படிக்குப் படி மாறுவது நம் கையில் இருக்கும் பிடி. முதலில் ட்ரீட், அதாவது ஆசை காட்டிக் கொடுக்கும் தின்பண்டம், போகும். அடுத்து லீஷ், நாம் பிடித்திருக்கும் கயிறு, போகும். பிறகு நாய்க்கும் நமக்கும் உள்ள நெருக்கம் போகும். உச்சிப் படியில் குரலும் போய்விடும். உங்கள் நாய் அடுத்த படிக்குத் தயாரா என்று தெரிய வேண்டுமானால், அடுத்து பறிபோகும் பிடியை வீட்டுக் கூடத்தில் இன்றே விட்டுப் பாருங்கள். பதில் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும், பணம் கட்ட வேண்டியதில்லை.

1. வகுப்பு தேடுமுன் தாள்களைச் சேருங்கள்

எந்த வகுப்பும் முதலில் கேட்பது தடுப்பூசிச் சான்று. டி.எச்.பி.பி. கூட்டு ஊசி, வயதுக்கு ஏற்றபடி ரேபிஸ், பெரும்பாலான இடங்களில் இருமலுக்கான போர்டெடெல்லா. கூட்டு ஊசி குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வார வயது வரை போகும். ரேபிஸ் ஊசி பெரும்பாலும் 12 முதல் 16 வாரத்துக்குள் போடுவார்கள். போர்டெடெல்லாவை வகுப்புக்கு முதல் நாள் போட்டுக்கொண்டு போனால் சில இடங்களில் சேர்க்க மாட்டார்கள். சில நாட்கள் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

இங்கே பலர் மாட்டுவது ஒன்று உண்டு. நாயை விற்றவர் தானே ஊசி போட்டதாகக் கையால் எழுதிக் கொடுத்த சீட்டைப் பல வகுப்புகள் ஏற்பதில்லை. மருத்துவமனையின் பெயரோடு அச்சிட்ட பதிவு வேண்டும் என்பார்கள். எங்களையும் ஓர் இடத்தில் இதற்காகவே வாசலில் நிறுத்தினார்கள், கட்டிய பணத்தை அடுத்த தொகுதி வகுப்புக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், அதுவும் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஆகவே நாய் வீட்டுக்கு வந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டி, பதிவைப் பி.டி.எஃப். ஆக வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேபிஸ் ஊசிக்குத் தனிச் சான்றிதழ் தருவார்கள். கழுத்தில் மாட்டும் வில்லையும் பில்லும் அதற்கு ஈடாகாது. இந்தச் சான்றிதழ்தான் நகராட்சி உரிமத்துக்கும் வேண்டும். நியூஜெர்சியில் ஏழு மாதம் நிரம்பிய ஒவ்வொரு நாய்க்கும் ஆண்டுதோறும் உரிமம் எடுத்தாக வேண்டும். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், பெரிய தொகை இல்லை. கருத்தடை செய்யாத நாய்க்கு 3 டாலர் கூடுதல். ஆனால் உரிம ஆண்டின் 12 மாதத்தில் குறைந்தது 10 மாதமாவது ரேபிஸ் ஊசி செல்லுபடியாக இருக்க வேண்டும். ஊசி இன்னும் காலாவதி ஆகவில்லையே என்று போய் நின்றால், “இன்னொரு ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்புவார்கள். முதல் ரேபிஸ் ஊசி ஓராண்டுக்குத்தான், அடுத்தது பெரும்பாலும் மூன்றாண்டுக்கு. பல ஊர்களில் நகராட்சியே ஆண்டுக்கொரு முறை இலவச ரேபிஸ் முகாம் நடத்துகிறது. ஊர் இணையதளத்தில் தேதி போடுவார்கள்.

மைக்ரோசிப் இருந்தால் அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். காப்பகத்திலிருந்து தத்தெடுத்த நாய்களுக்குப் பெரும்பாலும் சிப் இருக்கும், ஆனால் பதிவில் காப்பகத்தின் தொலைபேசி எண்ணே நிற்கும். ஜூலை 4 வாணவேடிக்கைச் சத்தத்தில் நாய் வேலி தாண்டி ஓடிய பிறகு இதை மாற்ற உட்கார வேண்டாம்.

வாடகை வீடு என்றால் குத்தகையில் செல்லப்பிராணி இணைப்பையும், வாடகைதாரர் காப்பீட்டில் நாய்க்கடி சேர்ந்திருக்கிறதா என்பதையும் படித்துவிடுங்கள். நியூஜெர்சிச் சட்டப்படி, நாய் இதற்கு முன் யாரையும் கடித்ததே இல்லை என்று சொல்லி உரிமையாளர் தப்ப முடியாது. முதல் கடிக்கே பொறுப்பு உங்களுடையது.

2. ஏ.கே.சி. எண்: மூன்று வழிகளில் உங்களுடையது எது

தேர்வு எழுதுவது வேறு, பட்டம் பதிவாவது வேறு. அடிப்படைத் தேர்வுகளை எந்த நாயும் எழுதலாம். பட்டம் நாயின் பெயரோடு பதிவேட்டில் ஏற வேண்டுமானால் எண் வேண்டும்.

வளர்ப்பாளரிடம் ஏ.கே.சி. தாளோடு வாங்கிய சுத்த இன நாய் என்றால் நேரடிப் பதிவு. இன நாய்தான், ஆனால் தாள் இல்லை என்றால் ‘பி.ஏ.எல்.’ என்ற மாற்றுப் பட்டியல். அதற்கு நாயின் படங்களும் கருத்தடைச் சான்றும் கேட்பார்கள். கலப்பின நாய்க்கு ‘கேனைன் பார்ட்னர்ஸ்’. காப்பகத்தில் ‘லேப் மிக்ஸ்’ என்று எழுதிக் கொடுத்த நாய்கள் எல்லாம் இதில்தான் வரும். நம் ஊர்த் தெருநாயை விமானத்தில் கூட்டிவந்தவர்களும் இதில் தாராளமாகச் சேரலாம். கலப்பினம் என்பதற்காக இந்தப் பயிற்சிப் போட்டிகளில் எந்தப் படியும் மூடப்பட்டிருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சில கடைகளில் ‘பேப்பர்ஸ் உள்ள நாய்’ என்று தருவது வேறு ஏதோ பதிவு நிறுவனத்தின் தாளாக இருக்கும். பணம் கொடுக்குமுன் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இப்போது இல்லையென்றால் எண்ணுக்கு அவசரப்பட வேண்டாம். இரண்டாம் படித் தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் எடுத்தால் போதும்.

3. பயிற்சியாளரைத் தேடுவது

அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டலாம். அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் மூன்று கேள்விகளை நீங்களே கேட்டுவிடுங்கள்: தேர்வு எழுதிப் பெற்ற சான்று ஏதாவது இருக்கிறதா, சி.பி.டி.டி.-கே.ஏ. போல? ஏ.கே.சி. அங்கீகரித்த மதிப்பீட்டாளரா? நாய் சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். முள் கழுத்துப்பட்டை, மின்அதிர்ச்சிப் பட்டை என்று பேச்சுப் போனால் நான் எழுந்து வந்துவிடுவேன். நாயின் வலியை ஒரு பக்கம் வைத்தாலும், இந்தக் கருவிகளைப் பின்னால் வரும் இரண்டாம் படித் தேர்வில் அனுமதிப்பதே இல்லை. முள் பட்டையில் ஒழுங்காக நடந்த நாய், தேர்வு நாளில் சாதாரணப் பட்டை மாட்டியதும் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும்.

ஆறு வாரக் குழு வகுப்பு எங்கள் பக்கத்தில் 150 முதல் 250 டாலர் வரை. பெரிய செல்லப்பிராணிக் கடைகளிலும் நடத்துகிறார்கள், பெரும்பாலும் சனி ஞாயிறில். உள்ளூர்ப் பயிற்சி மன்றங்கள் இன்னும் மலிவு. அங்கே சொல்லித் தருபவர்கள் பலர் தாங்களே களத்தில் இறங்குபவர்கள், விளம்பரம்தான் இருக்காது. போட்டி வரை போகும் ஆசை இருந்தால் முதல் நாளிலிருந்தே மன்றத்தைத் தேடிப் போங்கள். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லித் தருபவர்கள் மணிக்கு 100 டாலருக்குக் குறைந்து வர மாட்டார்கள்.

நாயை ஒரு மாதம் அங்கேயே விட்டுவிடுங்கள், பழக்கித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏற்பாடும் உண்டு. வேலைச்சுமையில் இருப்பவர்களை இது ரொம்பவே கவரும். நாய் அந்தப் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கும், உங்கள் சொல்லைக் கேட்க மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கற்க வேண்டியவர்களில் பாதி நாம்தான்.

இணையத்தில் ‘சர்வீஸ் டாக்’ (மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய சேவை நாய்) சான்றிதழ் என்று அடையாள அட்டை விற்பவர்களிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம். அமெரிக்க அரசுக்கு அப்படி ஒரு பதிவேடே கிடையாது. இந்தக் கட்டுரையில் வரும் எந்தப் பட்டமும் உங்கள் நாயைச் சேவை நாய் ஆக்காது, கடைக்குள்ளும் விமானத்துக்குள்ளும் கூட்டிப்போகும் உரிமையும் தராது.

4. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள்

வகுப்புக்கு முன்பே தீர்க்க வேண்டிய விஷயம் இது. கட்டளை எந்த மொழியிலும் இருக்கலாம், நாய்க்கு இலக்கணம் தேவையில்லை. ஆனால் நீங்கள் ‘சிட்’ என்று சொல்லி, மனைவி ‘உட்காரு’ என்று சொல்லி, ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த அம்மா ‘உக்காருடா கண்ணா, சொன்னா கேளு’ என்று சொன்னால் நாய் மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

தமிழ்க் கட்டளைக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘வா’ என்ற சொல்லை வீட்டில் நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துச் சொல்கிறோம். சாப்பிட வா, இங்க வா, சீக்கிரம் வா. நாய்க்கு அது காற்றுச் சத்தம்போல ஆகிவிடும். அழைக்கும் கட்டளைக்கு வீட்டில் யாரும் சாதாரணமாகப் பேசாத ஒரு சொல்லை வையுங்கள், ஆங்கிலமோ வேறு எதுவோ. எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். தாத்தா பாட்டிக்கும் அது பொருந்தும்.

சாப்பாட்டு மேசையிலிருந்து கையால் ஊட்டுவதையும் இப்போதே நிறுத்துங்கள். மேல் படிகளில் தரையில் கிடக்கும் உணவைத் தாண்டி நடப்பது ஒரு தேர்வு அம்சமாகவே வருகிறது. தவிர, பாயசத்தில் போடும் உலர்திராட்சையும், சாம்பாரில் போடும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. பயிற்சிக்கு வேகவைத்த உப்பில்லாத கோழியைப் பட்டாணி அளவில் நறுக்கி வைத்துக்கொண்டால் போதும். சைவ வீடு என்றால் பன்னீர், கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கடையில் விற்கும் ட்ரீட் பொட்டலங்களுக்கு மாதம் நாற்பது டாலர் கொடுப்பது வீண்.

5. முதல் படி: ஸ்டார் பப்பி

ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளுக்கானது. அங்கீகரித்த மதிப்பீட்டாளரிடம் குறைந்தது ஆறு வகுப்பு, கடைசியில் இருபது அம்சத் தேர்வு. அதில் முதல் ஆறு குட்டிக்கு இல்லை, உங்களுக்கு. ஊசி போட்டீர்களா, வகுப்புக்கு ஒழுங்காக வந்தீர்களா, கழிவை எடுக்கப் பை வைத்திருக்கிறீர்களா, பொறுப்பான உரிமையாளர் உறுதிமொழியில் கையெழுத்திட்டீர்களா என்று பார்ப்பார்கள்.

குட்டியிடம் கேட்பது மிகக் குறைவு. உட்காரவும் படுக்கவும் வேண்டும், அதற்கு ட்ரீட் காட்டியே செய்யவைக்கலாம். ஐந்தடி தூரத்திலிருந்து பெயர் சொன்னால் வர வேண்டும். நீங்கள் பத்தடி எடுத்துவைத்துப் போய்த் திரும்பும்வரை இன்னொருவர் கையில் நிற்க வேண்டும். இதில் தோற்கும் குட்டிகள் அபூர்வம்.

காலம்தான் இங்கே பிரச்சினை. “எல்லா ஊசியும் முடியட்டும்” என்று நான்கு மாதம் வரை குட்டியை வீட்டுக்குள் பூட்டி வைப்பவர்கள் அதிகம். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பயம் நியாயமானதுதான். ஆனால் மனிதர்களும் சத்தங்களும் பிற நாய்களும் பழகுவதற்கான பருவம் முதல் மூன்று மாதம். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம், முதல் தவணை ஊசியும் பூச்சி மருந்தும் கொடுத்து ஏழு நாளானால், ஏழெட்டு வார வயதிலேயே வகுப்பில் சேர்க்கலாம் என்கிறது. சுத்தமான, ஊசிச் சான்று பார்த்துச் சேர்க்கும் உள்ளரங்க வகுப்பாக இருக்க வேண்டும். நாய்ப் பூங்காவுக்கு மட்டும் போகாதீர்கள்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டு நேராக அடுத்ததற்குப் போகலாம். வந்தவுடன் வகுப்பில் போடாமல் இரண்டு மூன்று வாரம் வீடு பழக விடுங்கள்.

6. இரண்டாம் படி: சி.ஜி.சி.

‘கேனைன் குட் சிட்டிசன்’ என்ற இந்தத் தேர்வு 1989-இல் தொடங்கியது. வயது வரம்பு, இன வரம்பு இல்லை. போட்டியில் ஆர்வமில்லாதவர்களும் இதுவரையாவது வந்துவிடுங்கள் என்பது என் கருத்து. வீட்டு உரிமையாளரிடம் நாய்க்காகப் பேசும்போது காட்ட ஒரு தாள் கிடைக்கும். எல்லா உரிமையாளரும் மதிப்பார்கள் என்று இல்லை, ஆனால் வேலை மாறி வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மவர்களுக்கு அது கையில் இருப்பது நல்லது.

பத்து அம்சம். பத்திலும் தேற வேண்டும், ஒன்பதுக்குச் சான்றிதழ் இல்லை. லீஷ் உண்டு, நீங்கள் பேசலாம், தட்டிக்கொடுக்கலாம். ட்ரீட் கிடையாது. முதல் பிடி போகும் இடம் இதுதான், பாதிப் பேர் விழுவதும் இங்கேதான். கடைசி வகுப்பு வரை கையில் கோழியோடு பயிற்சி செய்துவிட்டுத் தேர்வு நாளில் வெறுங்கையோடு நின்றால், நாய் உங்கள் கையைப் பார்க்கும், முகத்தைப் பார்க்கும், போய்விடும். தேர்வுக்கு ஒன்றரை மாதம் முன்பிருந்து ட்ரீட்டைக் கையிலிருந்து பைக்கும், பையிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து அடுத்த அறைக்கும் தள்ளிக்கொண்டே போங்கள். மூன்று நான்கு கட்டளை செய்த பிறகு, கூடவே ஓடிப்போய் அங்கிருந்து எடுத்துக் கொடுங்கள்.

மதிப்பீட்டாளர் முன்பின் தெரியாதவராக வந்து உங்களோடு கைகுலுக்குவார், நாயைத் தடவுவார், சீப்பால் வாருவார், காதைப் பார்ப்பார், முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்குவார். சீப்பு நீங்கள் கொண்டுபோக வேண்டும். காலைத் தொட விடாத நாய்கள் ஏராளம். தினமும் இரவில் டி.வி. பார்க்கும்போது பாதத்தைப் பிடித்து விடுங்கள், வருகிற விருந்தாளிகளையும் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு லீஷ் தளர்வாக நடப்பது, குறைந்தது மூன்று பேர் நிற்கும் கூட்டத்தின் நடுவே போவது, இருபதடிக் கயிற்றில் உட்கார்ந்தோ படுத்தோ அசையாமல் இருப்பது, பத்தடியிலிருந்து கூப்பிட்டால் வருவது, இன்னொரு நாயோடு வருபவரிடம் நீங்கள் நின்று பேசும்போது அமைதியாக இருப்பது.

திடீர்ச் சத்தத்துக்கு எப்படி நடந்துகொள்கிறது என்றும் பார்ப்பார்கள். நாற்காலி விழும், யாராவது ஓடிப் போவார்கள். குக்கர் விசிலுக்கும் மிக்சிக்கும் பழகிய வீட்டு நாய்க்கு இது ஒன்றுமே இல்லை.

பத்தாவது அம்சத்தில்தான் நம் வீட்டு நாய்கள் மாட்டுகின்றன. லீஷை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் மூன்று நிமிடம் நாயின் கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும். அது தொடர்ந்து குரைக்கவோ முனகவோ, நிலைகொள்ளாமல் அலையவோ கூடாது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இரண்டு பேரும், ஊரிலிருந்து வந்த பெற்றோரும் நாள் முழுக்கச் சுற்றி இருக்கும் நாய் தனிமையைப் பார்த்ததே இருக்காது. முதலில் பத்து நொடி, பிறகு அரை நிமிடம், பிறகு ஒன்று என்று நண்பர்கள் கையில் கொடுத்துப் பழக்குங்கள். தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை. டிசம்பரில் இந்தியா போகும்போது நாயை மூன்று வாரம் நாய் விடுதியில் விட வேண்டியிருக்குமே, அதற்கும் இதுதான் அடித்தளம்.

நாய் உறுமினாலோ கடிக்கப் பாய்ந்தாலோ தேர்வு அத்தோடு முடிந்தது. தேர்வின் நடுவே சிறுநீர் கழித்தாலும் பெரும்பாலும் தோல்விதான். வெளியே நடக்கும் தேர்வில் பத்தாவது அம்சத்தின்போது மட்டும் விலக்கு உண்டு. அரை மணி முன்னதாகப் போய் நடத்திவிட்டு உள்ளே நுழையுங்கள். கழுத்துப்பட்டை சாதாரணமானதாக இருக்கட்டும். உடல் சேணம் அனுமதி, முகத்தில் மாட்டும் வகையும் முள், மின் பட்டைகளும் அனுமதி இல்லை.

கட்டணத்தைத் தேர்வு நடத்துபவரே வைக்கிறார். எங்கள் பக்கத்தில் 20 முதல் 50 டாலர், வகுப்போடு சேர்ந்து எழுதினால் சில இடங்களில் தனியாக வாங்குவதில்லை. தேறியதும் கையெழுத்திட்ட படிவம் ஒன்று கொடுப்பார்கள். அதை ஏ.கே.சி.க்கு அனுப்பித் தனிக் கட்டணம் கட்டினால்தான் சான்றிதழும் பட்டமும். படிவத்தை வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துவிடுங்கள். நாயின் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஓர் இலக்கம் மாறினால் கடிதப் போக்குவரத்தில் மாதங்கள் போகும்.

ஏழெட்டு மாதக் குட்டியே தேறிவிடுவதும் உண்டு. ஆனால் அடுத்த மாதம் வாலிபம் வந்து எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒரு வயதைச் சுற்றி எழுதவைப்பது நிம்மதி.

7. நடுவே இரண்டு கிளைகள்

சி.ஜி.சி. முடித்த நாய்க்கு ‘சி.ஜி.சி.ஏ.’ என்ற அடுத்த நிலை உண்டு. சி.ஜி.சி. பட்டம் பதிவேட்டில் இருந்தால்தான் இதற்கு வர முடியும். எண் இல்லாமல் காலம் கடத்தியவர்கள் இங்கே நின்றுவிடுவார்கள். தரையில் உணவு கிடக்க, மற்ற நாய்கள் இரண்டடி தள்ளிப் போக, நீங்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருக்க, நாய் பொறுமையாக இருக்க வேண்டும். ‘சி.ஜி.சி.யு.’ நகர்ப்புறத்துக்கானது: லிஃப்ட், சாலை கடப்பது, நெரிசலான நடைபாதை. ஜெர்சி சிட்டி, நியூயார்க் அடுக்குமாடிக்காரர்களுக்கு இது நேரடியாக உதவும். இரண்டும் கட்டாயமில்லை. போட்டிக்குப் போகிறவர்கள் தாண்டிப் போகலாம்.

8. போட்டிக் களம்: பிகினர் நாவிஸும் நாவிஸும்

இது ‘ஒபீடியன்ஸ்’, அதாவது கீழ்ப்படிதல் போட்டி. பிகினர் நாவிஸ், நாவிஸ், ஓபன், யுடிலிடி எல்லாம் அதன் நிலைகள். இங்கிருந்து மதிப்பெண். மொத்தம் 200. தேற 170 வேண்டும், கூடவே ஒவ்வொரு அம்சத்திலும் பாதிக்கு மேல் வேண்டும். இப்படி ஒருமுறை தேறினால் அது ஒரு ‘லெக்’. மூன்று லெக் சேர்ந்தால் பட்டம். மூன்றையும் ஒரே நடுவரிடம் வாங்க முடியாது. ஆறு மாதம் நிரம்பிய நாய் பங்கேற்கலாம், பருவத்தில் இருக்கும் பெண் நாயைக் களத்தில் விட மாட்டார்கள்.

பிகினர் நாவிஸ் விருப்பத் தேர்வு. கூப்பிட்டால் வருவது தவிர எல்லாம் லீஷோடுதான். களத்தின் வாசனையும் நடுவரின் குரலும் பழக இதில் இறங்குவது நல்ல முதலீடு என்பேன். நாவிஸில் லீஷ் கழல்கிறது. லீஷோடு நடையும் எட்டு வடிவ நடையும் 40, நிற்கவைத்து நடுவர் தொட்டுப் பார்ப்பது 30, லீஷ் இல்லாமல் நடை 40, கூப்பிட்டால் வருவது 30, நாயை உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய் லீஷை எடுத்துவருவது 30, மற்ற நாய்களோடு வரிசையில் ஒரு நிமிடம் உட்கார்ந்தும் ஒரு நிமிடம் படுத்தும் இருப்பது 30. முடித்தால் ‘சி.டி.’ பட்டம்.

புதியவர்கள் மதிப்பெண் இழப்பது நாயால் குறைவு, தங்களால் அதிகம். நீங்கள் நின்றதும் நாய் தானாக உட்கார வேண்டும். பழக்க தோஷத்தில் வாயில் ‘சிட்’ வந்துவிடும், மதிப்பெண் போகும். கூப்பிட்டு வராத நாயை இரண்டாம் முறை கூப்பிட்டால் அந்த அம்சமே பூஜ்யம். தோளைத் திருப்புவதும் தலையாட்டுவதும்கூட நடுவர் கண்ணில் சைகைதான். வீட்டில் ஒருவரைப் போன் வைத்துப் படமெடுக்கச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் எத்தனை முறை குனிகிறீர்கள் என்று திகைத்துவிடுவீர்கள்.

நாவிஸில் ஏ, பி என்று இரண்டு வகுப்பு உண்டு. ‘ஏ’ இதுவரை எந்த நாய்க்கும் பட்டம் வாங்காத புதியவர்களுக்கானது. விண்ணப்பத்தில் தவறிப்போய் ‘பி’ போட்டால் பல நாய்களை ஏற்றிவிட்ட அனுபவசாலிகளோடு நிற்க வேண்டியிருக்கும்.

போட்டித் தேதிகளை ஏ.கே.சி. தளத்தின் நிகழ்ச்சித் தேடலில் மாநிலம் கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் ‘பிரீமியம் லிஸ்ட்’ என்ற அறிவிப்பு இருக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது விண்ணப்பம் முடியும் தேதி. அது போட்டிக்கு வாரங்கள் முன்னாலேயே வந்துவிடும். ஒரு நுழைவுக்கு 30 டாலர் அளவில் ஆகும், முடிவுத் தேதிக்குப் பின் விலகினால் திரும்பி வராது என்றே கணக்கு வையுங்கள். மூன்று லெக் என்றால் மூன்று நுழைவு என்று எண்ணாதீர்கள். ஐந்தாறு நுழைவு, பெட்ரோல், சில நேரம் ஒரு ராத்திரி விடுதி என்று 300 முதல் 500 டாலர் ஒதுக்கினால் நிதானமாக இருக்கலாம்.

நகராட்சி உரிம வில்லையை எப்போதும் கழுத்தில் மாட்டியிருப்போம். களத்துக்குள் கழுத்துப்பட்டையில் எதுவும் தொங்கக் கூடாது. வேறொரு வெறும் பட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வந்ததும் மாற்றிவிடுங்கள். ட்ரீட்டைச் சட்டைப்பையில் மறந்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.

சி.ஜி.சி.யிலிருந்து சி.டி.க்கு ஓராண்டு ஆவது சாதாரணம்.

9. ஓபன், யுடிலிடி

ஓபனில் லீஷே கிடையாது. நடை, ஓடி வரும்போது நடுவில் சொன்னதும் படுப்பது, மரக்கட்டையை எடுத்துவருவது, உயரத் தடையைத் தாண்டி எடுத்துவருவது, அகலத் தடையைத் தாண்டுவது என்று தூரத்தில் செய்யும் வேலைகள் வரும். பட்டம் ‘சி.டி.எக்ஸ்.’ தாண்டும் பயிற்சியை எலும்பு முழுதாக வளர்ந்த பிறகே தொடங்குங்கள். பெரிய இன நாய்க்கு ஒன்றரை வயதுவரை ஆகலாம், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உபகரணம் வாங்க ஓடாதீர்கள், மன்றங்களில் எல்லாம் இருக்கும், மரக்கட்டை ஒன்று மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும்.

யுடிலிடியில் குரலும் போய்விடும் பகுதி ஒன்று உண்டு: நில், படு, உட்கார், வா எல்லாம் களத்தின் மறுமுனையிலிருந்து கைச்சைகையால் மட்டும். ஒரே மாதிரியான தோல், உலோகப் பொருட்களின் குவியலிலிருந்து உங்கள் கை பட்டதை மோப்பம் பிடித்து எடுத்துவருவதும் இங்கே வருகிறது. பட்டம் ‘யு.டி.’ அதற்கும் மேலே ‘யு.டி.எக்ஸ்.’, ‘ஓ.டி.சி.எச்.’ என்று போகிறது. அங்கே போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

ஓபனுக்குப் பெயர் கொடுக்குமுன் பக்கத்தில் நடக்கும் ஒரு போட்டியைப் பார்வையாளராகப் போய்ப் பார்த்துவிடுங்கள். நுழைவு பெரும்பாலும் இலவசம். மடக்கு நாற்காலி கொண்டுபோங்கள், காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடும். உங்கள் நாயை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். போட்டிக்குப் பதிவு செய்யாத நாய்களைப் பெரும்பாலான இடங்களில் உள்ளே விட மாட்டார்கள், வெயில் நாளில் காருக்குள் வைக்கவும் முடியாது.